ஏரிக்குள் ஒரு முகவரி

எங்கள் எம்.எல்.ஏ. பதவியில் இருந்த ஐந்து வருடமும் சட்டசபையில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் பேசினார். ஏரிக்குள் வீடு கட்டியவர்களுக்குப் பட்டா கொடுக்கக் கூடாது. அந்தப் பேச்சுகள் அத்தனையையும் டைப் அடித்துக் கொடுத்தவள் நான். அவர் சொன்ன ஏரிகளில் ஒன்றுக்குள்தான் என் வீடு இருந்தது.

தொகுதியின் பெயரும் கட்சியின் பெயரும் இங்கே வேண்டாம். தாம்பரத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரங்களின் தொடக்கம், மழை ஏமாற்றிய வருடங்கள். மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்த என் அத்தா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்திருந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியும் என்பதற்கும் ஒரு சர்டிஃபிகேட் வைத்திருந்தேன். அத்தாவிடம் சட்டை தைத்துக்கொண்ட கட்சிக்காரர் ஒருவர், எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆபீஸ் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கட்சிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“ஏரித் தெருன்னு மட்டும் சொல்லிடாதம்மா. ஏரிக்குள்ள வூடுன்னு கேட்டாலே அண்ணனுக்குப் பேஜாராயிடும்.”

அதனால், “எங்கம்மா வூடு?” என்று எம்.எல்.ஏ. கேட்டதும், சேலையூரில் இருக்கும் என் சாச்சியின் முகவரியைச் சொன்னேன். சாச்சி, அம்மாவின் தங்கை. எனக்குப் பொய்யே வராது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், நன்றாகவே வந்தது. கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன்.

“அந்தத் தெருவா? நூத்திப்பத்து அடியில தண்ணி. கொஞ்சம் உப்பு கரிக்கும்,” என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அவர் போர்வெல் போடும் தொழில் செய்தவர். நாலு பேர் சுற்றி நின்று கையால் இறக்குகிற செட்டில் ஆரம்பித்து, லாரி மேல் ஏற்றிய மெஷின் வரைக்கும் போனவர். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை, அந்தப் பக்கம் படப்பை வரை, எந்தத் தெருவைச் சொன்னாலும் அங்கே எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். ஆட்களின் பெயர் மறந்துபோகும், ஆழம் மறக்காது. மனு கொடுக்க வருகிறவரைப் பார்த்து, “நீ எம்பதடிதானே?” என்பார். அந்த ஆளும் பெருமையாகத் தலையாட்டுவார். போர் போட்ட வீடுகளில் வாங்கிய நல்ல பெயரால்தான் முதலில் கவுன்சிலர் ஆனார், பிறகு எம்.எல்.ஏ. ஆனார். மந்திரி ஆகவில்லை. ஆகிற ஆளும் இல்லை.

அவர் பேசுவதை அப்படியே டைப் அடிக்க முடியாது. ஆபீஸுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே சொல்வார். “ஏரி இன்னா, உங்க அப்பன் வூட்டு சொத்தா? அதுல கல்லு நட்டு வித்துக்கினு கீறானே, அவனுக்குப் பட்டா வேறயா?” நான் அதைக் கேட்டு, “நீர்நிலைகள் பொதுச் சொத்து என்பதை அரசு அறியுமா? அறியுமெனில், அவற்றிலுள்ள ஆக்கிரமிப்புகளுக்குப் பட்டா வழங்காதிருக்க அரசு ஆவன செய்யுமா?” என்று அடித்துக் கொடுப்பேன். அவர் வாங்கி ஒரு தடவை வாயசைத்துப் படிப்பார். “நான் இவ்ளோ மரியாதையாவா சொன்னேன்?” என்று சிரிப்பார்.

கோட்டையிலிருந்து பதில் வரும். (அ) இல்லை. (ஆ) இவ்வினா எழவில்லை. அந்த இரண்டாவது வரியைப் பார்த்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “எழவில்லையாமே! நான் எழுந்துதான்யா கேட்டேன்!” என்று கத்துவார். ஐந்து நிமிடத்தில் டீ சொல்லிவிட்டு அடுத்த கேள்வியை ஆரம்பித்துவிடுவார். ரயில்வே கேட்டுக்குச் சுரங்கப்பாதை, தண்ணீர் லாரிகள் படப்பைப் பக்கத்து வயல் கிணறுகளை உறிஞ்சாமலிருக்கச் சட்டம், பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை என்று நிறையக் கேட்டார். ஆனால் எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஏரிக்கு வந்து நிற்பார். கட்சிக்குள் அவருக்கு ஏரிக்காரர் என்றே பட்டப்பெயர். தொகுதியில் பாதி ஓட்டு ஏரிகளுக்குள் இருக்கிறது, இந்த மனுஷனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று அவர் காதுபடவே பேசுவார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எனக்குத் தோன்றியதில் என் வீடும் சேர்ந்திருந்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தா அந்த மனையை வாங்கியது ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒரு ஒப்பந்தத்தில். விற்றவருக்கும் அது சொந்தமில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து வருடா வருடம் ஆள் வந்து, அரசாங்க இடத்தை ஆக்கிரமித்திருக்கிறாய் என்று ஒரு நோட்டீஸ் கொடுப்பார்கள். பி மெமோ என்று அதற்குப் பெயர். அபராதம் கட்டினால் ரசீது தருவார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் ஓடிப்போய் சந்தோஷமாக அபராதம் கட்டுவோம். நாங்கள் தப்பு செய்ததற்கான அந்த ரசீதுதான், நாங்கள் அங்கே இருக்கிறோம் என்பதற்கு எங்களிடமிருந்த ஒரே அத்தாட்சி. அம்மா அவற்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். ஊர் உலகத்தில் அபராத ரசீதைப் பத்திரமாகக் கும்பிடுகிற கூட்டம் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

மாலையில் ஆபீஸ் முடிய நேரமானால் அவரே என்னை ஜீப்பில் ஏறச் சொல்வார். முன்சீட்டில் அவர், பின்னால் மனுக் கட்டுகளோடு நான். சாச்சி வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடச் சொல்வேன். ஜீப் திரும்பிக் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் அந்த முனையில் கேட்டைத் திறக்கப் போகிறவள் மாதிரி நிற்பேன். பிறகு ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடப்பேன், கால்மணி நேரம். நாலு வருடம் அப்படி நடந்தேன். அந்த ஜீப் ஒரே ஒரு நாள் என் வாசலில் வந்து நிற்காதா, அம்மா எட்டிப் பார்க்க மாட்டாளா என்று நடக்கும்போதெல்லாம் ஆசையாக இருக்கும்.

தண்ணீரே இல்லாத ஒரு கோடையில், மனு வாங்கி முடித்த ஒரு மத்தியானம், யாரும் இல்லாத ஆபீஸில் நான் அவரைக் கேட்டேன். ஏன் சார் ஏரி மேலேயே இவ்வளவு பிடிவாதம்?

மனுக் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “ஏரிக்குள்ள மொத போர் போட்டவனே நான்தாம்மா. காஞ்சு கெடந்த நேரம். இருபது அடியில குபுகுபுன்னு வந்துச்சு. சந்தோசமா நாலு போர் போட்டேன். தண்ணி இல்லாத எடத்துல எவன் குடி வருவான்? நான் தண்ணி காமிச்சேன், அவன் வூடு கட்னான். இப்ப அவனப் போய் எழுந்திருன்னு சொல்லிக்கினு கீறேன்.”

எந்த ஏரி என்று நான் கேட்டேன். அவர் சொன்னது எங்கள் ஏரி. எங்கள் தெருக்கோடியில் இருக்கிற அந்தப் பழைய கைப்பம்பில் அத்தா தண்ணீர் அடித்து என்னைக் குளிப்பாட்டியிருக்கிறார். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் மாடிப்படியில் யாரோ ஏறி வந்துவிட்டார்கள்.

அவர் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லா எம்.எல்.ஏ. ஆபீஸிலும் இருந்திருக்கும். சட்டசபைக் குழுவோடு வெளியூர் போகும்போது, வெற்று லெட்டர் பேடு தாள்களில் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ஒரு பத்துத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். மேலே விஷயத்தை நான் அடித்துக்கொள்ள வேண்டியது. “ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாவு. இந்த மூணுக்கும் என்னைக் கேக்காத, அடிச்சுக் குடுத்துடு. மத்தது எதுவா இருந்தாலும் நான் வரட்டும்.” அந்த மூன்றையும் நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு, ஒன்றாம் வகுப்பு சீட்டுக்கு, பெரியாஸ்பத்திரியிலிருந்து உடலைச் சீக்கிரம் வாங்குவதற்கு. அந்தத் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நானே வைத்திருப்பேன். நமக்கு இருபத்தைந்து வயதாகும்போது ஒருவர் தன் கையெழுத்தையே நம் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்ன மாதிரி ஒரு பெருமை என்பது, அதை இழந்தவளுக்குத்தான் தெரியும்.

நாலாவது வருடம் அவர் ஜெயித்தார். அதாவது, அவருடைய கேள்விக்கு முதல் முறையாக (அ) ஆம் என்று பதில் வந்தது. எங்கள் ஏரியை அளந்து ஆக்கிரமிப்புகளைக் கணக்கெடுப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு, கேள்வியை நன்றாக அடித்ததற்காக. நான் சாப்பிட்டேன். துப்பவா முடியும்?

அடுத்த மாதமே சர்வேயர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டு வாசல் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“உங்க எம்.எல்.ஏ. கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்டி. நாலு வருசமா அவருக்குத்தானே ஒழைக்கிற? அத்தா கட்ன வூடுடி இது. அவரு தச்ச துணியில வந்த செங்கல்லு.”

“சொல்றேம்மா.”

“எப்ப சொல்வ? இடிச்சப்புறமா?”

அது நோன்பு மாதம். எம்.எல்.ஏ. குழுவோடு தென் மாவட்டங்களுக்குப் போயிருந்தார். அலமாரியில் கையெழுத்துப் போட்ட தாள்கள் இருந்தன. நான் பட்டினி கிடந்துகொண்டு, நாக்கு வறள, திருட்டு வேலை செய்தேன். பொருள்: ஏரித் தெருவில் நீண்ட காலமாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்கப் பரிந்துரை செய்தல் தொடர்பாக. ஒரு எழுத்துக் கூடப் பிசகவில்லை. நாலு வருடமாக அவர் குரலில் எழுதிப் பழகியவள் நான்; அவரே எழுதியிருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. தாலுகா ஆபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாவு என்று அவர் சொன்ன மூன்றில் இது எதில் சேரும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அன்றைக்கு நோன்பு திறக்கும்போது என் கஞ்சியை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஊரிலிருந்து வந்தவர் மிச்சத் தாள்களைக் கூட எண்ணிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் அந்த மழை வந்தது. நாலு வருடம் வராததெல்லாம் சேர்த்து வந்தது. ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்து, வாசலைத் தாண்டி, கட்டில் மட்டத்துக்கு ஏறியது. அம்மாவையும் ரசீதுக் கவரையும் மேசை மேல் உட்கார வைத்துவிட்டு நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை கோவளத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகு ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றவர் எம்.எல்.ஏ.

ஒவ்வொரு வீடாக ரொட்டிப் பாக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தவர், எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் கை நீட்டியபடியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். சுவரில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தெரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“இது உன் வூடா?”

“ஆமா சார்.”

“அப்ப சேலையூரு?”

“சாச்சி வூடு சார்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் படகுக்காரரிடம் திரும்பி, “மொதல்ல அம்மாவ எறக்கு. மெதுவா,” என்றார். அம்மாவைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தபோது ரசீதுக் கவர் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, உதறி, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கரையில் இறங்கும்போது அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அது என்ன காகிதம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். சுவரில் சேறு விட்டுப்போயிருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். “மூணு படி வெச்சு தரைய ஏத்துங்க. நல்ல மழைன்னாலும் மூணாவது படி நனையக் கூடாது,” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. “எடுக்கப் போற வூட்டுக்குப் படி எதுக்கு சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“எடுக்குற வரைக்கும் நீ நனையக் கூடாதில்ல,” என்றார்.

அந்த வாரம் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த பேச்சில் முதல் முறையாக ஒரு வரி மாறியிருந்தது. ஏரிக்குள் பட்டா கூடாது என்பது அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், நடந்து போகிற தூரத்தில் மாற்று இடம் கொடுக்காமல் ஒரு வீட்டின் ஒரு செங்கல்லையும் எடுக்கக் கூடாது என்று சேர்க்கச் சொன்னார். “இத மொதல்ல போடு. அது ரெண்டாவது,” என்றார். நான் போட்டேன். அப்போதும் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததற்கு இன்றுவரை எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

தேர்தலுக்கு நாலைந்து மாதம் இருந்தது. சீட்டுக்குக் கட்சிக்குள்ளேயே போட்டி. அந்தக் கடிதம் தாலுகா ஆபீஸ் ஃபைலிலிருந்து எப்படியோ அவருக்கு ஆகாதவர்கள் கைக்குப் போய்விட்டது. ஜெராக்ஸ் எடுத்துக் கடை கடையாகக் கொடுத்தார்கள். சட்டசபையில் ஒரு நாக்கு, தாலுகா ஆபீஸில் ஒரு நாக்கு என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் ஜெராக்ஸோடு மாடியேறி வந்தபோது நான் என் மேசையில் இருந்தேன்.

எம்.எல்.ஏ. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தார். ‘பொருள்’ என்ற சொல்லுக்குக் கீழே இரட்டைக் கோடு போடுவது என் பழக்கம். ஊரில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அவர் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் வந்து நின்றதை நான் பார்த்தேன். எழுந்து நின்றேன். “சார், அது—” என்று ஆரம்பித்தேன்.

“நீ போய் டீ சொல்லிட்டு வாம்மா,” என்றார்.

நான் நகரவில்லை. அவர் பத்திரிகைக்காரரிடம் திரும்பினார். “கையெழுத்து என்னுது. லெட்டரும் என்னுது. எழுதிக்க.”

“அப்ப சட்டசபையில பேசினது சார்?”

“அதுவும் என்னுதுதான்.”

ஒரு வார்த்தை போதும். ஆபீஸ் பெண் செய்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். என்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள், போலீஸ் கூட வந்திருக்கும், அதற்குமேல் என்ன? பத்திரிகைக்காரர் போன பிறகு நான் அழ ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “அழாத. அந்த ஏரியில என் கையெழுத்து நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கீது. இது ரெண்டாவது,” என்றார். பிறகு, “ஆனா ஒண்ணும்மா. பட்டா கேட்ட நீ, மாத்து எடம் கேட்டிருக்கணும். பட்டாவப் பாத்துட்டு தண்ணி திரும்பிப் போவாது,” என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அலமாரிச் சாவியை அவர் முன்னால் வைத்தேன். எடுக்கவில்லை. அடுத்த முறை வெளியூர் போகும்போது, வழக்கம்போலப் பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. யாரையும் போய்ப் பார்க்கவுமில்லை, சுயேச்சையாக நிற்கவுமில்லை. ஆபீஸைக் காலி செய்த அன்றைக்கு ஐந்து வருடத்து மனுக்களைக் கட்டி மூட்டையாக்கி இறக்கினோம். மாலையில் கடைசியாக ஜீப்பில் ஏறச் சொன்னார். டிரைவர் பழக்கத்தில் சாச்சி வீட்டுத் தெருமுனையில் நிறுத்தினார்.

“இங்க இல்லப்பா. அவ வூட்டாண்ட வுடு,” என்றார் எம்.எல்.ஏ.

ஜீப் ஏரிக்கரை மேல் போய், எங்கள் தெருவுக்குள் இறங்கி, என் வாசலில் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். நாலு வருடம் ஆசைப்பட்டது அப்படித்தான் நடந்தது, எல்லாம் முடிந்த பிறகு. அவர் இறங்கவில்லை. புதிதாகக் கட்டிய படிகளைப் பார்த்து, விரலால் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார். “சரி, வரேம்மா,” என்றார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள் ஏரிகளுக்குள் பட்டா கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தது. தாலுகா ஆபீஸில் எங்கள் தெரு ஃபைலைத் திறந்தபோது, அதில் முதல் காகிதம் என் கடிதம். சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரையின் பேரில் என்று எங்கள் பட்டா உத்தரவிலேயே எழுதியிருந்தது. ஐந்து வருடம் எதை எதிர்த்து அவர் தொண்டை கட்டப் பேசினாரோ, அது அவர் கையெழுத்தாலேயே எனக்குக் கிடைத்தது. அம்மா பட்டாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பேன். இரண்டு தடவை அவர் தெருமுனை வரைக்கும் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பினேன். தெருமுனையில் நிற்பது எனக்குப் பழகிப்போன வேலைதானே.

வேறு ஆபீஸ்களில் வேலை பார்த்தேன். ஏ.சி. போட்ட ஆபீஸ்கள். எங்கேயும் யாரும் என்னிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனாலும் அந்தப் பெயிண்ட் வாசனை ஏறும் மாடியும், நடந்துகொண்டே அவர் போடும் சத்தமும், “நான் இவ்ளோ மரியாதையாவா சொன்னேன்?” என்ற அந்தச் சிரிப்பும் ஒரு மத்தியானத்துக்காவது திரும்பி வராதா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போதும் ஏங்குகிறேன்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, மார்க்கெட் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். படத்தில் அதே மூக்குக்கண்ணாடி. மூன்று நாள் தாமதமாகத்தான் பார்த்திருந்தேன். அப்போதுதான் அந்தத் தெருமுனையைத் தாண்டி உள்ளே போனேன்.

அவர் மனைவியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸில் டைப் அடித்தவள் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏரித் தெருப் பொண்ணா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“மழ புடிச்சா போதும்மா, கொடைய எடுத்துக்கினு கெளம்பிடுவாரு. ஏரிக்கரை மேல போய் நின்னு பாத்துட்டு, தொப்பலா நனைஞ்சுகினு வருவாரு. வந்து, மூணு படியும் தெரியுதுன்னு சொல்லிட்டுத்தான் சாப்ட ஒக்காருவாரு. வருசா வருசம் இதே கததான். யார் வூட்டுப் படின்னு கேட்டா, டைப் அடிச்ச பொண்ணு வூடும்பாரு.”

கரை என் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

“இந்த வருசம் அவருக்குக் காலு வரல,” என்றார் அந்த அம்மா. “போய்ப் பாத்துட்டு வாடின்னு என்னைத் தொரத்தினாரு. நானும் போனேன். கரையில நின்னா எல்லா வூடும் ஒரே மாதிரி கீது, எனக்கு எதுன்னு தெரியல. வந்து, மூணு படியும் தெரியுதுய்யான்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் கண்ண மூடித் தூங்கினாரு. அது பொய்யா மெய்யான்னு எனக்கு உறுத்திக்கினே கீது. நீ சொல்லும்மா, தெரிஞ்சுதா?”

அந்த வருடத்து மழையில் மூன்று படியும் தண்ணீருக்குள் போய், தரையில் கணுக்கால் அளவு நின்றது. அம்மாவும் நானும் இரண்டு நாள் கட்டில் மேலேயே இருந்தோம்.

“தெரிஞ்சுதும்மா,” என்றேன். “மூணும் தெரிஞ்சுது.”